அடியில் நாலு ஓட்டை

பெண்கள் அரபுக் கல்லூரி விடுதி
28.04.2024

அன்புள்ள ஃபைஸல் நானாவுக்கும், உறையை ஒட்டுமுன் இதை வாசிக்கப்போகும் எங்கள் முஅல்லிமாவுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகம். விடுதிப் பருப்புத்தான் சுகமில்லை, உடம்பெல்லாம் நீர் கோத்துக் கிடக்கிறது. இதற்கு விடுதி என்று பெயர் வைத்தவரைத் தேடுகிறேன், ஏனென்றால் விடுவதே இல்லை. கைபேசி கூடாது. வெள்ளிக்கிழமை மூன்று நிமிடம் உம்மாவுடன் கதைக்கலாம். அதில் இரண்டு நிமிடம் உம்மா அழுவா. மிச்சம் ஒரு நிமிடத்தில் போன கிழமை சொன்னா, "நூர்தீன் மாமா நானாக்கு ஒரு வேலை குடுத்திரிக்கார் மகள், பார்பர் கியூ கட்டுற வேலை" என்று. மாமாவின் கபானாக் குடில்களில் தங்க வரும் வெள்ளைக்காரர் எல்லாரும் முடிவெட்ட வரிசையில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். பிறகுதான் விளங்கியது, பார்பிகியூ, இறைச்சி சுடும் கேஸ் அடுப்பு.

கட்டாரில் நாலு வருஷம் ஹோட்டல் குசினிகளுக்குக் கேஸ் குழாய் பூட்டியவருக்கு இது பெரிய காரியமா? பாலாவியில் போடப்போகும் கடைக்கு மாமாவின் அடுப்பே விளம்பரம். பெயர் நான் வைப்பேன். ஒன்று மட்டும் கவனம்: கேஸ் வேலை செய்கிறவர் கேஸில் மாட்டக்கூடாது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவேன். நூர்தீன் மாமா வீட்டுக்குப் போனால் றஹ்மத் மாமியிடம் சொல்லிவையுங்கள், அலுமாரியைப் பூட்டட்டும்.

உங்கள் தங்கச்சி, குழப்படிக் கட்சித் தலைவி,
அமானி


கரைத்தீவு
12.05.2024

அன்புத் தங்கச்சி அமானிக்கு, ஸலாம்.

நாங்கள் நலம். உம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. நீ நன்றாக ஓதுகிறாயா?

வேலை முடியப்போகிறது. மாமா பலகையில் அலுமாரி மாதிரிக் கேட்டார். வெளியில் வைக்கும் அடுப்புக்குப் பலகை சரிவராது என்று சொல்லி, சீமெந்துக் கல்லில் கட்டினேன். அடுப்பு உட்காரும் இடத்தில் சுற்றிவர இரண்டு விரல் இடைவெளி. சிலிண்டருக்குப் பக்கத்தில் தனி அறை. ஹோஸ் சூடு படாத பக்கத்தால் வருகிறது. கையெட்டும் இடத்தில் அடைக்கும் வால்வு. எல்லாப் பூட்டுக்கும் சவர்க்கார நுரை தடவிப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை.

மாமியோடுதான் சண்டை. சிலிண்டர் அறைக்கு அடியில், நிலத்தோடு, செங்கல் அளவில் நாலு ஓட்டை விட்டிருக்கிறேன். மண்ணை அள்ளி வரும் சோளகக் காற்று தொடங்கினால் மாமாவின் ஊர் எத்தாளை முழுக்க ஓட்டைக்குள் சாக்கும் தும்பும் அடைப்பார்கள் அல்லவா. மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஊரே ஓட்டை அடைக்கிற காலத்துல நீ ஓட்டை வெக்கிறியா மகன்? மண்ண யாரு கூட்டுற, ஒண்ட பொஞ்சாதியா?" என்றா.

உட்கார வைத்து விளங்கப்படுத்தினேன். அடுப்புக் கேஸ் காற்றைவிடப் பாரம். ஒழுகினால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நிற்கிறவர் மூக்குக்கு மணம் வராது. போக வழி இருந்தால் காற்றோடு போய்விடும். வழி இல்லாவிட்டால் ஒரு நெருப்புக் குச்சி போதும். மனிதர் பிழை விடுவார்கள், அந்தப் பிழைக்குத்தான் ஓட்டை.

மாமி கடைசியில் ஓம் என்றா. எலி வராமல் கம்பி வலை அடிக்க வேண்டும். சிலாபத்தில் ஒரு கடையில் சொல்லியிருக்கிறேன், வந்ததும் போய் அடிப்பேன்.

உம்மா ஸலாம் சொன்னா.
ஃபைஸல்


விடுதி
30.06.2024

அன்பும் அடுப்பும் நிறைந்த நானாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

சேதமில்லாமல் வந்து சேர்ந்தேன். பெருநாளுக்கு எத்தாளையில் மாமா வீட்டில் பத்து நாள் நின்றும் உங்களை இரண்டு தரம்தான் கண்டேன். நீர்கொழும்பில் யாருக்கோ குழாய் பூட்டப் போய்விட்டீர்கள். அதனால் என் சாதனையை எழுத்தில் சமர்ப்பிக்கிறேன்.

உங்கள் அடுப்பு அறைக்குள் பூனை குட்டி போட்டது. பூனை இல்லை, குரல் மட்டும். என் கூட்டாளி ஷிஹாராவின் சின்ன ஸ்பீக்கரை சிலிண்டருக்குப் பின்னால் செருகிவிட்டு, கிணற்றடியில் இருந்து கைபேசியால் இயக்கினேன். மாமி கதவைத் திறந்தால் அமைதி. மூடினால் மியாவ். மூன்று நாள் தேடினா. முதல் நாள் கருவாட்டுத் தலை வைத்தா. இரண்டாம் நாள் ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதினா. மூன்றாம் நாள் நிலத்தில் படுத்து, டோர்ச் அடித்து ஓட்டையால் பார்க்கப் போனா. பார்க்க முடியாதபடி முன்னமே ஒரு வேலை செய்திருந்தேன். என்ன வேலை என்பது தொழில் ரகசியம், மார்கழி லீவில் வந்து சொல்வேன்.

வெளிக்கிடும்போது ஸ்பீக்கரை எடுத்துவிட்டேன். தடயம் எல்லாம் அழித்தாயிற்று, கிட்டத்தட்ட.

மாமியிடம் காட்டிக்கொடுக்க வேண்டாம். அவ அந்தப் பூனைக்கு இன்னும் பால் வைக்கிறாவாம்.

இப்படிக்கு,
மியாவ்


கரைத்தீவு
09.07.2024

அமானிக்கு, ஸலாம். எல்லாரும் நலம்.

உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்தேன். சிரித்து, பிறகு உன்னை ஏசி, பிறகு திரும்ப வாசிக்கச் சொன்னா. நான் காட்டிக்கொடுக்கவில்லை.

நல்ல செய்தி இருக்கிறது. மாமாவின் அடுப்பைப் பார்த்துவிட்டு கல்பிட்டிப் பக்கம் ஐந்து இடத்தில் கேட்டிருக்கிறார்கள். பாலாவியில் கடை எடுத்தாயிற்று. ஆவணியில் திறப்பு. கடைப் பெயர்ப் பலகையும் எழுதி வந்துவிட்டது, மஞ்சளில் நீல எழுத்து. பெயர் கேட்காதே, வந்து பார்.

மாமி வெள்ளிக்கிழமை டெலிபோனில், "ஒண்ட கையில பரக்கத் இரிக்கி மகன், இந்தக் காத்துக்கும் அறைக்குள்ள ஒரு பொட்டு மண் இல்ல" என்றா. எனக்கே ஆச்சரியம். கம்பி வலை வந்து கிடக்கிறது. போக நேரமில்லை.

ஃபைஸல்


கரைத்தீவு
27.07.2024

அமானி,

உம்மா டெலிபோனில் உனக்குச் சரியாகச் சொல்லியிருக்கமாட்டா.

19ஆம் திகதி வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, மாமி அடுப்பை மூட்டப் போயிருக்கிறா. அன்று காலையில் சிலிண்டர் மாற்றியதும் அவதான். குச்சியைக் கிழித்ததும் அடியில் இருந்து வெடித்தது. கதவு இரண்டும் கிணற்றடிக்குப் போய் விழுந்தன. மாமிக்கு முகமும் இரண்டு கைகளும். கொழும்பில் வைத்திருக்கிறார்கள். உயிருக்கு இனிப் பயமில்லை என்கிறார்கள். கண் ஒன்றைப் பற்றி ஒன்றும் சொல்கிறார்கள் இல்லை.

துஆச் செய். பரீட்சையை விட்டு வராதே, வந்து செய்ய ஒன்றுமில்லை.

ஃபைஸல்


03.08.2024

நானா,

இதை முஅல்லிமா வாசிக்கக்கூடாது, ஆகையால் இதை அனுப்பமாட்டேன். அனுப்பாவிட்டாலும் எழுத வேண்டும் போல் இருக்கிறது.

நாலு ஓட்டையையும் நான் அடைத்தேன். மாமா ஐஸ் போட்டு மீன் கொண்டுவரும் வெள்ளை நுரைப்பெட்டி, அந்த ரெஜிபோம் பெட்டியில் நாலு துண்டு வெட்டி, உங்கள் மிச்ச சாம்பல் பெயின்ற்றை உட்சுவர் மாதிரித் தெரியப் பூசி, மாமி பார்க்கக்கூடாது என்று உள்ளிருந்து இறுக்கிச் செருகினேன். ஒன்றில் பூனை முகமும் கீறினேன், எடுக்கும்போது நீங்கள் சிரிக்க வேண்டும் என்று. ஸ்பீக்கரை எடுத்த அன்று அவற்றையும் எடுக்கக் குனிந்தேன். மாமி பின்னால் வந்து, "இந்த வருஷம் மண்ணே வரல்ல பாத்தியா புள்ள" என்றா. அவவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கேஸ் பாரம் என்று நீங்கள் எழுதிய கடிதம் என் தலையணைக்குக் கீழேதான் இருந்தது. வாசித்திருந்தேன். பரீட்சைக்கு வாசிப்பது போல் வாசித்தேன்.

ரெஜிபோம் நெருப்பில் சாம்பலாகக்கூட மிஞ்சாது. யாருக்கும் தெரியவராது. இதை நினைத்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதைத்தான் எழுத வேண்டியிருந்தது.


விடுதி
04.08.2024

அன்புள்ள நானாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நலம். மாமிக்காக ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். எங்கள் வகுப்பு முழுக்க யாஸீன் ஓதினோம். பரீட்சை பரவாயில்லை, தேறாவிட்டாலும் யாராவது தேற்றுவார்கள்.

கவலைப்பட வேண்டாம் நானா. உங்கள் வேலையில் பிழை இருக்காது.

உம்மாவின் முழங்கால் எப்படி?

அமானி


கரைத்தீவு
25.08.2024

அமானிக்கு, ஸலாம்.

உம்மா நலம். மாமியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வலக்கண் போய்விட்டது. பேச்சுக் குறைவு.

உங்கள் வேலையில் பிழை இருக்காது என்று எழுதியிருந்தாய். இந்த உலகத்தில் அப்படி எழுதியது நீ ஒருத்திதான். அதனால் உன்னிடம் கேட்கிறேன், நான் எங்கே பிழைவிட்டேன்?

சிலிண்டர் மாற்றியபோது மாமி ரெகுலேட்டரைச் சரியாக அழுத்திப் பூட்டாமல் விட்டிருக்கலாம். கைகளில் துணி சுற்றிக் கிடக்கும் மனுஷியைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் பிரயோசனமில்லை. அது ஒழுகும் என்றுதானே ஓட்டை வைத்தேன். நாலு ஓட்டை. போய்ப் பார்த்தேன், நாலும் திறந்தே இருக்கின்றன. அந்தக் காற்றில் ஒரு சிலிண்டர் முழுக்க ஒழுகினாலும் அங்கே நிற்காது. நின்றிருக்கிறது. எப்படி நின்றது? கதிரையில் இருந்து யோசிக்கிறேன், நடந்து யோசிக்கிறேன். ஓட்டை சின்னதோ? நிலம் சரிவோ? கட்டாரில் நான் பூட்டிய குசினிகள் எல்லாம் இப்போது நினைவுக்கு வருகின்றன. அவற்றில் எத்தனை பேர் நிற்கிறார்களோ.

ஐந்து இடமும் வேண்டாம் என்றுவிட்டார்கள். கடைத் திறப்பு இல்லை.

நூர்தீன் மாமா என்னோடு கதைக்கிறதில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். என் வேலைப் பிழையால் நடந்தது என்றும் இனி கேஸ் வேலை தொடமாட்டேன் என்றும் பள்ளிப் புத்தகத்தில் நான் எழுதிக் கையெழுத்து வைத்தால் பொலிஸுக்குப் போகமாட்டாராம். பிழை என்னவென்று தெரியாமல் எப்படி எழுதுவது என்று தவணை கேட்டிருக்கிறேன்.

ஏதாவது எழுது. உன் பகிடி ஒன்றாவது.
ஃபைஸல்


கரைத்தீவு
02.10.2024

தங்கச்சி அமானிக்கு, ஸலாம். நாங்கள் நலம், நீ நலமா?

போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் டெலிபோனுக்கும் நீ வருவதில்லை என்று உம்மா சொல்கிறா.

நேற்று மாமா வீட்டில் உடைந்த கல்லை அள்ளினேன். கிணற்றடிக்கு அப்பால் தாழை வேலி இருக்கிறதே, அதற்குள் ஒரு சாமான் கிடைத்தது. எடுத்து வைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டவில்லை.

அந்த அறையைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா? நான் கோபிக்கமாட்டேன். எது என்றாலும் எழுது.

பள்ளியில் 18ஆம் திகதி ஜும்மாவுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு முன் உன் கடிதம் கிடைத்தால் நல்லது.

உம்மா ஸலாம் சொன்னா.
ஃபைஸல்


விடுதி
08.10.2024

அன்புள்ள நானாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நலம். தொண்டை கட்டியிருந்ததால் டெலிபோனுக்குப் போகவில்லை. கட்டிய தொண்டைக்கு வாடகை கேட்கலாம் என்று இருக்கிறேன்.

வேலியில் கிடைக்கும் சாமானுக்கெல்லாம் நான் சொந்தக்காரி என்றால், அங்கே காயும் மாமாவின் சாரத்துக்கும் நான்தான் சொந்தக்காரி. எனக்கு என்ன தெரியும் நானா, நான் அந்தப் பக்கம் விளையாடப் போனதுதான்.

18ஆம் திகதி நல்லபடி முடிய துஆச் செய்கிறேன்.

உம்மாவுக்கும் ஸலாம்.
அமானி


விடுதி
17.10.2024

நானா,

போன கடிதம் பொய். கட்டியது தொண்டை இல்லை.

ஓட்டைகளை அடைத்தது நான். ரெஜிபோம் துண்டால். பூனை விளையாட்டுக்கு. எடுக்காமல் வந்துவிட்டேன். இரண்டு மாதத்துக்கு முன் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தையும் இதோடு வைக்கிறேன்.

இன்று காலையில் இதுவரைக்கும் எழுதி, முஅல்லிமாவிடம் இரண்டையும் கொடுத்தேன். வாசித்து முடித்தா. அலுவலக டெலிபோனை என் பக்கம் தள்ளிவிட்டா. நான் எடுத்தேன். இலக்கமும் அழுத்தினேன். உம்மா ஹலோ என்றதும் வைத்துவிட்டேன். வாயால் வரவில்லை நானா. ஆயிரம் பகிடி வந்த வாய்.

முஅல்லிமா ஆள் விட்டு இதைத் தபாலில் போடுகிறா. நாளைக்கே கிடைக்க வேண்டும். கிடைக்காது என்று தெரியும். உங்களுக்குப் பிழை இல்லை. பள்ளியில் எழுத வேண்டாம். எழுதினால் என் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

அமானி


பாலாவி
30.10.2024

அமானிக்கு, ஸலாம்.

உன் கடிதம் 24ஆம் திகதி கிடைத்தது. 18இல் நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வேலியில் கிடைத்தது ஒரு ரெஜிபோம் துண்டு. மூன்று கருகிப் போக, ஒன்று வெடித்த வேகத்தில் பறந்திருக்கிறது. ஒரு பக்கம் என் சாம்பல் பெயின்ற். மற்றப் பக்கம் பூனை. நீ பூனை கீறினால் இடப்பக்கம் மூன்று மீசை, வலப்பக்கம் இரண்டு. சின்னதில் இருந்து அப்படித்தான். பார்த்ததும் எனக்கு வந்ததும் நிம்மதிதான். என் வேலையில் பிழையில்லை. வேலியடியில் இருந்து கொஞ்ச நேரம் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு உனக்குக் கடிதம் எழுதினேன்.

18ஆம் திகதி காலை வரைக்கும் தபால்காரனைப் பார்த்தேன். உன் பகிடிக் கடிதம்தான் வந்திருந்தது. அதையும் துண்டையும் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். எழுதி முடித்ததும் பள்ளிச் செயலாளர், "வேற ஏதும் சொல்ல இரிக்கா தம்பி?" என்று கேட்டார். என் கை பைக்குள்தான் இருந்தது. மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றேன். நீ சொல்லாததை நான் எப்படிச் சொல்வது.

கம்பி வலை இன்னும் சுற்றியபடி இங்கே கிடக்கிறது. வலை வந்த கையோடு ஒரு நாள் போய் அடித்திருந்தால் கண்டிருப்பேன். அந்தப் பங்கு என்னுடையது. ஆகையால் எழுதியது முழுப் பொய்யும் இல்லை.

இப்போது உப்பு லொறிகளுக்குச் சாக்கு ஏற்றுகிறேன். கடையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பலகையை உம்மா கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறா. ‘அமானி கேஸ் வேலைத்தளம்’ என்று எழுதியிருந்தது.

மன்னிப்பு என்று கடிதத்தில் நீ எங்கேயும் எழுதவில்லை. நல்லது. கேட்டிருந்தால் என்னிடம் இப்போது இல்லை. கோபமும் இல்லை. சாக்கு தூக்கிவிட்டு வந்தால் ஒன்றும் இருக்காது.

ஆனால் மாமி ஒவ்வொரு நாளும் உம்மாவிடம் கேட்கிறாவாம், "ஃபைஸல் நல்ல வேலக்காரனாச்சே, எங்க பிழ விட்டான்?" என்று. பிறகு, சிலிண்டரைத் தான்தான் சரியாகப் பூட்டவில்லையோ என்று அழுகிறாவாம். பூனைக்குப் பால் வைக்கவும் சொல்கிறாவாம். அவவுக்கு நான் சொல்லமாட்டேன். மார்கழி லீவில் வந்து நீ சொல்ல வேண்டும், பக்கத்தில் இருந்து, வாயால்.

எழுதி அனுப்பாதே. அவவின் விரல்கள் ஒட்டிப்போய்விட்டன. உறை பிரிக்க ஏலாது.

உம்மா நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.
ஃபைஸல்